மூன்று சக்கரமாக மாற்றிய வண்டிக்கும் ரீகால் உண்டா?

2021 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு 26,300 கிளாசிக் 350 வண்டிகளை சர்வீஸ் சென்டருக்குத் திரும்ப அழைத்தது. என்ஜினில் குறை ஒன்றும் இல்லை. பின்சக்கர டிரம் பிரேக்கைத் தாங்கும் ஒரு சின்ன இரும்புப் பிடியின் மேல்தான் சந்தேகம். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரான ஸ்விங் ஆர்ம்களில், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டங்களில், இருந்த பிடி அது. ஒற்றைச் சேனல் ஏ.பி.எஸ்.ஸும் பின்னால் டிரம் பிரேக்கும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் அழைப்பு.

அந்தப் பிடியின் வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். பிரேக் பெடலை மிதித்ததும் டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்களும் விரிந்து டிரம்மின் உட்சுவரை உரசுகின்றன. டிரம் சுழன்றுகொண்டிருப்பதால், ஷூக்களையும் அவை உட்கார்ந்திருக்கும் பிரேக் பிளேட்டையும் தன்னோடு சேர்த்துச் சுற்றப் பார்க்கும். பிளேட் சுற்றிவிட்டால் பிரேக்கே இல்லை. அதைச் சுற்றவிடாமல் ஸ்விங் ஆர்மோடு சேர்த்து நிறுத்துவதுதான் இந்தப் பிடி. வழக்கத்தைவிட மிகக் கடுமையாகப் பெடலை மிதிக்கும்போது அது சேதமடையலாம், பிரேக்கில் சத்தம் வரலாம், பிடிப்பும் குறையலாம் என்று கம்பெனியே கண்டுபிடித்துச் சொன்னது.

இப்போது கேள்விக்கு வருவோம். அந்த 26,300 வண்டிகளில் ஒன்றை வாங்கியவர், பின்பாதியைக் கழற்றிவிட்டு இரண்டு பின்சக்கரம் வைத்து மூன்று சக்கர வண்டியாக மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விங் ஆர்மே போய்விட்டது. ரீகால் அவருக்குப் பொருந்துமா? இன்னொருவர் ஸ்விங் ஆர்மை அப்படியே வைத்துக்கொண்டு இரு பக்கமும் சைடு வீல் மட்டும் மாட்டியிருக்கிறார். அவருக்கு?

வடசென்னையில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. ராயல் என்ஃபீல்டின் இந்தியக் கதை தொடங்கியதே திருவொற்றியூரில்தான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து இந்திய புல்லட்டுக்கு வழிபோட்டது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வண்டித் தொழிலோடு ஏதாவது ஒரு வகையில் ஒட்டிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். வாங்கிய வண்டியை வாங்கியபடியே விட்டுவிடாமல் தேவைக்குத் தகுந்தாற்போல மாற்றிக்கொள்ளும் பழக்கமும் கைத்திறனும் இங்கே அதிகம். ஸ்கூட்டருக்குச் சைடு வீல் மாட்டித் தருகிறார்கள். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப் போகும் மீன்பாடி வண்டியில் பழைய பைக் என்ஜினைப் பூட்டிவிடுகிறார்கள். பைக்கின் பின்பாதியை மாற்றிச் சரக்கு ஏற்றும் வண்டியாக்குவதும் நடக்கிறது. மூன்றும் வேறு வேறு. ரீகால் விஷயத்தில் மூன்றுக்கும் பதிலும் வேறு வேறு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் வாகனக் கம்பெனிகள் 2012 முதல் தாங்களாகவே முன்வந்து ரீகால் அறிவித்துவந்தன. கட்டாயம் என்று ஒன்று இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவு வந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஒரு ரக வண்டியில் உள்ள குறை ஓட்டுபவருக்கோ, உடன் வருபவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ ஆபத்து என்றால், அதைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு கம்பெனிக்கு உத்தரவு போடலாம். கம்பெனி பணத்தைத் திருப்பித் தரவேண்டும். இல்லையென்றால் வண்டியை மாற்றித் தரவேண்டும், அல்லது பழுது நீக்கித் தரவேண்டும். அபராதம் 1 கோடி ரூபாய் வரை போகும். கம்பெனியே குறையைக் கண்டுபிடித்து முதலில் சொல்லிவிட்டால் அபராதம் கிடையாது. நம் ஊரில் வரும் ரீகால்கள் பெரும்பாலும் கம்பெனிகள் தாமாக அறிவிப்பவைதான்.

110ஏ-வின் இரண்டாம் உட்பிரிவைத்தான் மாற்றிய வண்டி வைத்திருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குறை ஒரு உதிரிபாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் எந்தெந்த வண்டியில் இருக்கிறதோ அத்தனையையும், ரகம் எதுவானாலும், திரும்பப் பெறச் சொல்லலாம் என்கிறது அது. வண்டியின் தோற்றத்தைவிடப் பாகம்தான் அங்கே முக்கியம். மாற்றம் செய்த வண்டிக்கு ரீகால் கிடையாது என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. குறை பிறந்தது தொழிற்சாலையில்; நீங்கள் வண்டியை மாற்றியது அதற்குப் பிறகு. பின்னால் செய்த மாற்றம் முன்னால் இருந்த குறையைத் துடைத்துவிடாது. ஆகவே கேட்கவேண்டிய முதல் கேள்வி, ரீகால் ஆன பாகம் இன்னும் உங்கள் வண்டியில் இருக்கிறதா என்பதுதான்.

இந்தக் கேள்வியைச் சைடு வீல் ஸ்கூட்டரிடம் கேட்டால் பதில் உடனே கிடைக்கும். கால் ஊன்ற முடியாதவர்களுக்காகத் தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையே இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை இலவசமாகத் தருகிறது. சொந்தப் பணத்தில் ஸ்கூட்டர் வாங்கி வெளியே சக்கரம் மாட்டிக்கொள்பவர்களும் நிறைய. இரண்டிலுமே ஸ்கூட்டரின் ஹேண்டில்பார், லீவர்கள், முன் பிரேக், நடுப் பின்சக்கரத்து பிரேக் எல்லாம் கம்பெனி தந்தபடியே இருக்கும். சேர்ந்தது பக்கத்துச் சட்டமும் இரண்டு சின்னச் சக்கரமும்தான். அதனால் கம்பெனி அறிவிக்கும் பிரேக் ரீகால்களில் அநேகமாக எல்லாமே இந்த வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். ஹோண்டா 2019-ல் 50,034 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆக்டிவா 125, கிரேசியா, ஏவியேட்டர் ஸ்கூட்டர்களும் சிபி ஷைன் பைக்கும் அதில் அடக்கம். எல்லாம் டிஸ்க் பிரேக் உள்ளவை, அந்த ஆண்டு பிப்ரவரி 4 முதல் ஜூலை 3 வரை தயாரானவை. முன் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் பிரச்சினை. லீவரைப் பிடித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளி, விட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய பாகம் அது. ஆயில் திரும்பாமல் உள்ளேயே அழுத்தம் தங்கிவிட்டால், கையை எடுத்த பிறகும் முன்சக்கரம் இழுத்துக்கொண்டே இருக்கும். சில நேரம் பூட்டிக்கொள்ளவும் செய்யும். அடுத்தது 2024 பிப்ரவரி. யமஹா, ரே இசட்ஆர் 125, ஃபேசினோ 125 ஹைபிரிட் ஸ்கூட்டர்களில் ஏறக்குறைய 3 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. 2022 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 4 வரை செய்தவை. குறை பிரேக் லீவரில்.

சாதாரணமாக ஓட்டுபவர், பிரேக் லீவர் மக்கர் செய்தால், கடைசி நொடியில் காலை ஊன்றியாவது சமாளிக்கப் பார்ப்பார், வண்டியை விட்டுக் குதிக்கவாவது பார்ப்பார். போலியோவில் கால் போனவருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு இரண்டு கையிலுள்ள இரண்டு லீவர்தான் எல்லாம். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு சி.பி.எஸ். கட்டாயம். அதாவது ஒரு லீவரைப் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும். அந்த வசதியும் லீவரை நம்பித்தான் இருக்கிறது. எந்த ரீகாலிலும் முதலில் தேடிப்பிடிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். அரசு தந்த வண்டியானால் பட்டியல் துறையிடமே இருக்கும். ஒரு ரக ஸ்கூட்டருக்கு ரீகால் வந்ததும் அந்தந்த மாவட்ட அலுவலகம் பயனாளிகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும், எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

நடைமுறையில் சிக்கல் வருவது கவுண்டரில். வண்டியைப் பார்த்ததும் "இது மாத்துன வண்டி சார், நாங்க தொட மாட்டோம்" என்று சொல்லிவிடக் கூடும். அப்போது கோபப்படாமல் விஷயத்தைப் பிரித்துச் சொல்லுங்கள். "மாத்துனது பக்கத்துல சக்கரம். ரீகால் முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு. அதுல யாரும் கை வைக்கல. சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க, லிஸ்ட்ல வருதான்னு. செய்ய முடியாதுன்னா காரணத்தை ஜாப் கார்டுல எழுதிக் குடுங்க." எழுதித் தரச் சொன்னால் பேச்சின் தொனியே பெரும்பாலும் மாறிவிடும். எழுதித் தந்தாலும் நல்லது. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரீகால் வேலைக்குப் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்து, சைடு வீல் சட்டம் குறுக்கே நின்றால், அதைக் கழற்றி மாட்டும் கூலி கம்பெனியின் கணக்கில் வராது. சக்கரம் மாட்டித் தந்தவரை அழைத்துக்கொண்டு போவது உத்தமம்.

இந்த வாதமெல்லாம் நிற்க வேண்டுமானால் வண்டியின் காகிதம் சரியாக இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிக்காகச் செய்யும் மாற்றத்துக்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. முன்பு 'இன்வேலிட் கேரேஜ்' என்று இருந்ததைத்தான் 2019 திருத்தம் 'அடாப்டட் வெஹிகிள்' ஆக்கியது. ஆர்.டி.ஓ.விடம் காட்டி ஆர்.சி.யில் பதிந்துவிட்டால், அந்த வண்டி சட்டத்தின் கண்ணில் முழு உரிமையுள்ள வண்டி. பதியாமல் மாற்றி ஓட்டினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காப்பீட்டுக் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிட வேண்டும்.

ஆர்.சி. முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரீகால் உங்களைத் தேடி வருவது சேஸிஸ் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான். கம்பெனி தன் ஏட்டில் இருக்கும் எண்ணையும், வண்டியை முதலில் வாங்கியவரின் முகவரியையும், போன் எண்ணையும் வைத்துத்தான் தகவல் அனுப்பும். வண்டி இரண்டு மூன்று கை மாறியிருந்தால் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும். மாற்றம் செய்வதற்கென்றே பழைய வண்டி வாங்குபவர்கள் இங்கே அதிகம் என்பதால், அவர்களுக்குத் தகவல் வராமல் போகும் வாய்ப்பும் அதிகம். பழைய வண்டி வாங்கியதும் அதன் சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, முடிக்காத ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பட்டறைக்காரர் வெல்டிங் ராடை எடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அதுவரை வண்டி கம்பெனி தந்தபடியே இருக்கும். கவுண்டரில் ஒரு பேச்சும் எழாது.

இனி இரண்டாவது வகை. பின்சக்கரமும் ஸ்விங் ஆர்மும் போய், அந்த இடத்தில் ஒரு ஆக்சிலும் இரண்டு சக்கரமும் வந்துவிட்ட வண்டி. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் ஓடும் சக்டாவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முன்பாதி புல்லட், பின்பாதி சரக்கு வண்டி. டெல்லி சாந்தினி சவுக்கில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஹார்லி பைக்குகளை மாற்றி ஓட்டிய பட்பட்டிகள் 1998 வரை ஓடின. இந்த வகையில் ரீகாலுக்கான பதில் பாகத்துக்குப் பாகம் மாறும்.

இரண்டு ராயல் என்ஃபீல்டு ரீகால்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் சொன்ன 2021 கிளாசிக் ரீகால் ஸ்விங் ஆர்மில் இருக்கும் பிடிக்கு. ஸ்விங் ஆர்மைத் தூக்கிப் போட்டுவிட்ட வண்டிக்கு அந்த ரீகாலில் செய்ய ஒன்றும் இல்லை. குறையுள்ள பாகமே இல்லை, ஆபத்தும் அதோடு போய்விட்டது. ஆனால் 2019 மே மாதம் வந்த ரீகால் வேறு. அந்த ஆண்டு மார்ச் 20 முதல் ஏப்ரல் 30 வரை செய்த ஏறக்குறைய 7,000 புல்லட்டுகளில், பிரேக் ஹோஸைக் காலிபரோடு சேர்க்கும் போல்ட் தரம் குறைந்தது என்று கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து வாங்கிய போல்ட். முன்பாதியை அப்படியே வைத்துக்கொள்ளும் மூன்று சக்கர வண்டியில் முன் காலிபரும் அந்த போல்டும் அப்படியே இருக்கும். இந்த ரீகால் அதற்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். சொல்லப்போனால் இன்னும் அவசரமாகப் பொருந்தும், ஏனென்றால் மூன்று சக்கரமான பிறகு வண்டியின் எடையும் கூடியிருக்கும், ஏற்றும் சரக்கும் கூடியிருக்கும்.

அந்த போல்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். நடுவே ஓட்டை போட்ட போல்ட் அது. ஆயில் அதன் உள்ளே புகுந்துதான் காலிபருக்குப் போகும். ஹோஸின் முனைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு வாஷர் இருக்கும். இறுக்கும்போது நசுங்கி, கசிவில்லாமல் அடைத்துக்கொள்வதே அந்த வாஷரின் வேலை. ஒருமுறை நசுங்கியதை மறுபடி போட்டால் அது சரியாக அடைக்காது. மூன்று சக்கரமாக மாற்றும்போது ஃபோர்க்கையோ ஹேண்டில்பாரையோ மாற்றி, நீளமான ஹோஸ் போடுவார்கள். அப்போது அந்த போல்டை அவிழ்த்தே ஆகவேண்டும். பழைய வாஷரையே திரும்பப் போட்டுக் கைக்கணக்கில் இறுக்கிவிட்டால், கம்பெனி ரீகாலில் மாற்றித் தந்த புது போல்டாலும் பயன் இல்லை. ஆகவே ரீகால் வேலையைச் செய்துவிட்டுப் பிறகு மாற்றம் செய்தவர்கள்கூட அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, லீவரைப் பலமாகப் பிடித்து, ஈரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பாகம் ஒரு இடத்தில், கோளாறு இன்னொரு இடத்தில் என்றும் வருவதுண்டு. அமெரிக்காவில் ஹோண்டா கோல்டுவிங் பைக்கை மூன்று சக்கரமாக மாற்றுவது பெரிய தொழில். 2011 டிசம்பரில் அந்த பைக்குகளில் சுமார் 1,26,000-ஐ ஹோண்டா திரும்ப அழைத்தது. 2014-ல் மறுபடியும் அழைத்தது. அதில் முன்னும் பின்னும் இணைந்த பிரேக். முன்சக்கரத்துப் பக்கம் இருக்கும் இரண்டாவது மாஸ்டர் சிலிண்டர், பின் பிரேக்குக்கு ஆயில் அனுப்பும். அது சரியாக விடுபடாமல் போனால் பின் பிரேக் உரசிக்கொண்டே இருந்து, சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். மூன்று சக்கரமாக மாற்றும்போது பின் பிரேக்குகள் மொத்தமும் புதிதாக வந்திருக்கும். ஆனால் முன்னால் இருக்கும் அந்தச் சிலிண்டர் அப்படியே இருந்து, அதன் குழாய் புது பின் பிரேக்கோடு இணைந்திருந்தால் பழைய ஆபத்து புதுச் சக்கரத்தில் வந்து உட்காரும். குழாயை அடைத்துவிட்டிருந்தால் கதை வேறு. வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. குழாயைக் கையால் தொட்டுத் தொடர்ந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். மாற்றியவர் எதை விட்டார், எதை எடுத்தார் என்று எழுதித் தந்திருந்தால் இந்தச் சிரமமே இல்லை.

பொறுப்பு யாருடையது என்பதையும் இதே கோட்டில் பிரித்துக்கொள்ளலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, தயாரிப்பில் இருந்த குறைக்குத் தயாரித்தவரைப் பொறுப்பாக்குகிறது. 85-ஆம் பிரிவு, குறையுள்ள வேலை செய்த சேவையாளரைப் பிடிக்கிறது. பட்டறை அதில் வரும். ஒரு பொருளை மாற்றி விற்றவர், அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 86. தொழிற்சாலையிலிருந்து வந்த பாகம் தொழிற்சாலையில் இருந்தபடியே இருந்தால் கம்பெனி பொறுப்பு. பட்டறை வைத்த ஆக்சில், பட்டறை நீட்டிய ஹோஸ், பட்டறை வெல்டிங் வைத்த பிடி ஆகியவற்றுக்கு எந்தக் கம்பெனி ரீகாலும் ஒருநாளும் வராது. அதை யாரும் சோதித்துப் பட்டியல் போடவில்லை. ஆகவே மாற்றும் கிட் வாங்கும்போது, அது ஏ.ஆர்.ஏ.ஐ. அல்லது ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் தேறியதா என்று சான்றிதழைக் கேளுங்கள்.

மூன்றாவது வகை மீன்பாடி வண்டி. சொல்லவே வருத்தமாக இருக்கிறது. முன்னால் பலகை, பின்னால் ஓட்டுபவர், பழைய பைக்கிலிருந்து கழற்றிய என்ஜின். காலால் மிதிக்கும் வேகத்துக்குச் செய்த பிரேக்கை வைத்துக்கொண்டு, ஐஸ் பெட்டியும் மீன் கூடையுமாக அது எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அந்தக் கணக்கை அந்த பிரேக் எப்படித் தாங்கும்? டிராபிக் ராமசாமி தொடுத்த பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மோட்டார் வைத்த மீன்பாடி வண்டிகளைத் தடை செய்தது. இவற்றுக்கு சேஸிஸ் எண் இல்லை, ஆர்.சி. இல்லை, வகை அங்கீகாரம் இல்லை. ரீகால் என்ற ஏற்பாடே இவற்றைக் கண்டுகொள்ளாது. ஓட்டுபவர் சட்டத்தை மீறும் ஆசையில் ஓட்டவில்லை. மீன் கெடுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும், சிறிய சரக்கு ஆட்டோ வாங்கப் பணம் இல்லை. தடையோடு நிறுத்திவிடாமல், சோதனையில் தேறிய பிரேக்கோடு ஒரு சிறு சரக்கு வண்டியைக் கடனில் கைக்கு எட்டும்படி செய்தால்தான் அந்த ஓட்டுபவரும், அவருக்கு முன்னால் சாலையைக் கடக்கும் பிள்ளைகளும் பிழைப்பார்கள்.

மீன்பாடிக்குப் போன பைக்கின் மற்ற பாகங்கள் எங்கே போகின்றன என்பதும் யோசிக்க வேண்டியது. என்ஜினை எடுத்த பிறகு ஸ்விங் ஆர்ம், காலிபர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் தனித்தனியாக பழைய பாகக் கடைக்குப் போகும். புதுப்பேட்டையில் பழைய ஸ்விங் ஆர்ம் வாங்கி வந்து மாட்டுபவருக்கு, அது ரீகால் ஆன 26,300-ல் ஒன்றிலிருந்து வந்ததா என்று எந்தக் கடிதமும் சொல்லாது. அவருடைய சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் 'ஒன்றுமில்லை' என்றுதான் வரும். பிரேக் சம்பந்தப்பட்ட பாகத்தைப் பழையதாக வாங்கவே வேண்டாம். விலை கட்டாது என்றால், எந்த ஆண்டு எந்த ரக வண்டியிலிருந்து எடுத்தது என்றாவது கேட்டுக்கொண்டு சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொரு ரீகாலையும் சொல்லியாக வேண்டும். 2020-ல் ராயல் என்ஃபீல்டு பிரிட்டன், ஐரோப்பா, தென் கொரியாவில் ஓடும் 15,200 ஹிமாலயன், இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பனிக்காலத்தில் அங்கே சாலையில் தூவும் உப்பு காலிபரை அரித்து, பிரேக் இறுகிக்கொள்ளும் அபாயம். இந்திய வண்டிகளுக்கு அந்த அழைப்பு இல்லை. இங்கே சாலையில் யாரும் உப்புத் தூவுவதில்லை. ஆனால் காசிமேட்டிலும் எண்ணூரிலும் உப்புக் காற்று ஆண்டு முழுக்க வீசுகிறது, மீன் பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீரும் உப்புத்தான். சைடு வீல் சட்டமோ பலகையோ வைத்த வண்டியில் அந்தத் தண்ணீர் பின் பிரேக்கின் மேலேயே சொட்டும்படி அமைந்துவிடுவதும் உண்டு. மீன் ஏற்றும் வண்டி வைத்திருப்பவர்கள் அன்றாடம் நல்ல தண்ணீரால் காலிபரையும் டிரம்மையும் கழுவிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுதாக மாற்றிவிடுங்கள்.

ரீகால் வேலை முடிந்து வண்டி கைக்கு வந்துவிட்டது. அதோடு எல்லாம் சரியாகிவிடுமா? பாகம் சரியாகும்; ஆனால் மாற்றத்தால் மாறிப்போன பிரேக் பிடிக்கும் விதம் அப்படியேதான் இருக்கும். பல சைடு வீல் கிட்களில் பக்கத்துச் சக்கரங்களுக்கு பிரேக் கிடையாது. பின்பக்கத்து எடையை மூன்று சக்கரம் பகிர்ந்துகொள்வதால், பிரேக் உள்ள நடுச் சக்கரத்தின் மேல் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் சாலையைப் பிடிக்கும் பிடியும் குறைவு, சீக்கிரம் வழுக்கும். பக்கத்துச் சக்கரம் அளவுக்கு மீறி இறங்கியிருந்தால் நடுச் சக்கரம் பள்ளத்தில் அந்தரத்தில் நின்றுகூட விடும். நடுச் சக்கரம் தரையில் நன்றாக அழுந்தி உட்காரும்படி பக்கத்துச் சக்கரங்களின் உயரத்தை வைத்துத் தரச் சொல்லுங்கள். ரீகால் முடிந்த நாளே ஆளில்லாத நேரான இடத்தில், மெதுவான வேகத்தில் முதலில் பின் லீவரை மட்டும், பிறகு இரண்டையும் பிடித்து, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள். மூன்று சக்கர வண்டி வளைவில் சாயாது. ஆகவே வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

கடைசியாகக் காலக்கெடு. அரசு உத்தரவிடும் ரீகால் விதிகள், தயாராகி ஏழு ஆண்டு ஆகாத வண்டிகளுக்குத்தான். அமெரிக்காவில் முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். அதோடு ஒப்பிட்டால் நம் ஏழு ஆண்டு மிகக் குறைவு. நம் ஊரில் வண்டியை மாற்றத் தொடங்குவதே பல நேரம் அது பழசான பிறகுதானே? 2019-ல் செய்த வண்டிக்கு அந்த ஏழு ஆண்டு 2026-ல் முடிகிறது; கிளாசிக் ரீகாலில் வந்த வண்டிகளுக்கு 2028-ல். கம்பெனி தானாக அறிவித்த ரீகாலுக்கு அந்த விதியின் கெடுவைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் எந்த சர்வீஸ் சென்டருக்கும் இல்லை. எட்டாவது ஆண்டானாலும் சேஸிஸ் எண்ணோடு போய்க் கேளுங்கள்.